திருப்பி அனுப்பிய ரோலர்

போன வாரம் மாமியார் சாப்பாட்டு மேசையில் சொன்ன ஒரு வார்த்தையில் மருமகளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

"புது ரோலர் முதன்முதலா இறங்கப் போறது என் மருமக சைட்லதான். அந்தப் பாலத்து வேலைக்கு."

கேட்கவில்லை, அறிவித்தார். அந்த வீட்டில் அறிவிப்புதான் வழக்கம்.

மாமியாரை வெளியில் எல்லோரும் ரோலரம்மா என்றுதான் சொல்வார்கள். கணவர் போன பிறகு, வாடகைக்கு விடும் ரோலர்கள் நின்ற யார்டைத் தனியாளாக நடத்தியவர். மூத்த மகன் வேறு தொழிலுக்குப் போய்விட்டான். சின்னவன் அம்மாவோடு நின்றுவிட்டான். எந்த ரோலரில் உட்கார்ந்தாலும் அது அவன் சொன்னபடி கேட்கும். அந்தச் சின்னவனுக்கு வாய்த்தவள் ரோடு போடும் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். அவள் பார்க்கும் பாலத்து வேலையில் எந்த இடத்துக்கு எந்த மெஷின் என்று முடிவு செய்யும் பொறுப்பு அவளுடையது.

மாமியார் மெஷின் வைத்திருக்கிறார், மருமகள் மெஷினைத் தேர்ந்தெடுக்கிறாள். இது எங்கே போய் முட்டும் என்று சின்னவனுக்குக் கல்யாணத்தன்றே தெரியும். இவ்வளவு சீக்கிரம் முட்டும் என்றுதான் தெரியாது.

* * *

காலை வெயில் இன்னும் ஏறவில்லை. டிரெய்லர் சைட் கேட்டுக்கு வந்து நின்றது. அதன் முதுகில் புது ரோலர். முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக இரண்டு வழவழப்பான இரும்பு டிரம். வாங்கியபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள் சீட்டில் இன்னும் அப்படியே இருந்தது.

சின்னவன் இறங்கி வந்தான். மனைவியைத் தேடினான்.

அவள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குனிந்து நின்றிருந்தாள். பாலம் முடிந்துவிட்டது. இந்தப் பக்கத்துச் சாலைக்கு அடிமண், ஜல்லி எல்லாம் முடிந்து இன்றைக்குத் தார் போட வேண்டும். அந்தப் பக்கம்தான் பாக்கி. பாலத்தின் கடைசிச் சுவருக்குப் பின்னால் பள்ளம். அதில் மண் நிரப்பி, இறுக்கி, மேடாக்கினால்தான் சாலை பாலத்தோடு சேரும்.

நிரப்புவதற்குச் சரளை வரும் என்றுதான் பேச்சு. ரோலரம்மாவிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். ஆனால் குவாரிக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டது. நேற்று மாலை கம்பெனி லாரிகள் வாய்க்கால் வெட்டிய மண்ணைக் கொண்டு வந்து கொட்டிவிட்டுப் போயிருந்தன.

அவள் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். மண் உடையவில்லை. நூல் மாதிரி நீண்டுகொண்டே போனது.

நிமிர்ந்தாள். வானத்தின் தெற்கு மூலையில் கறுப்பு கட்டியிருந்தது.

கேட்டுக்கு வந்தவள் கணவனைப் பார்த்தாள். அவன் பின்னால் இருந்த ரோலரையும் பார்த்தாள்.

"இறக்க வேண்டாங்க."

"ஏன், இடம் ரெடியாகலையா?"

"இடம் ரெடி. மண்ணு மாறிப் போச்சு. சரளையா இருந்தா இது பிரமாதமான மெஷின். அதிர அதிரக் கல்லு ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய் உட்கார்ந்துடும். இப்ப வந்திருக்கிறது களிமண்ணு. இது மேல ஓடினா மேல்பக்கம் மட்டும் பளபளன்னு மூடிக்கும். உள்ள இருக்கிற காத்தும் தண்ணியும் அங்கேயேதான் கிடக்கும்."

அவனுக்குத் தெரியாத விஷயமில்லை.

"மழை வந்தா…" என்று ஆரம்பித்தாள்.

"சொல்லாத. தெரியுது."

இரண்டு பேர் மனசிலும் ஆஸ்பத்திரிச் சாலை வந்து நின்றது. இவள் அந்த வீட்டுக்கு வாழ வருவதற்கு முன்னால் நடந்தது. யாரோ ஒரு கான்ட்ராக்டர் ரோலரம்மாவிடம் ரோலர் எடுத்துப் போனார். களிமண் மேட்டில் ஓட்டி, மேலே வழவழப்பாக்கிக் கொடுத்துவிட்டார். முதல் பெரிய மழையில் சாலை உள்வாங்கி ஒரு வேன் கவிழ்ந்தது. ஓட்டி வந்தவருக்கு ஒரு கால் போனது. மண்ணைத் தேர்ந்தெடுத்தது கான்ட்ராக்டர், மெஷினைக் கேட்டது கான்ட்ராக்டர். ஆனால் ஊர் வாயில் விழுந்தது ரோலரம்மா.

"ஷீப்ஃபுட் வேணும்," என்றாள் மருமகள்.

டிரம் முழுக்கக் குளம்பு மாதிரி கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும் ரோலர் அது. களிமண்ணை மேலே தடவாது. உள்ளே மிதித்து, பிசைந்து, அடியிலிருந்து இறுக்கிக்கொண்டு வரும்.

"நம்மகிட்ட ஏது? புதுசு வாங்கறதுக்காக அம்மா அதைத்தானே வித்தாங்க."

"மீசைக்காரர்கிட்டதானே இருக்கு. போய்க் கேளுங்களேன்."

சின்னவன் தலையைச் சொறிந்தான். மீசைக்காரர் பக்கத்து ஊரில் போட்டி யார்டு நடத்துபவர். தரகர் ஒருவர் மூலமாகத்தான் அந்த ரோலர் அவர் கைக்குப் போனது. அவருக்கும் ரோலரம்மாவுக்கும் பேச்சில்லை. 'அந்தம்மா ரோலர் ஓடினா ரோடு உள்ளே போகும்' என்று கடைக்குக் கடை சொல்லிச் சிரித்தவர் அவர்தான்.

"சுவரை ஒட்டி என்ன பண்ணப் போற? ஷீப்ஃபுட்டும் அங்க போகக் கூடாதே."

"சுவர்கிட்ட கையில பிடிச்சுக் குதிக்க விடற இடி மெஷின் போதும். நம்ம ஸ்டோர்ல ரெண்டு இருக்கு. மெல்லிசு மெல்லிசா மண்ணு போட்டு இடிச்சுக்கறேன். மீதி இடத்துக்குத்தான் அது வேணும். மழைக்கு முன்னாடி இறுக்கலைன்னா இவ்வளவு மண்ணும் சேறாயிடும்."

"சரி. இதை எங்க நிறுத்த?"

"கேட்டுக்கு வெளியதான். உள்ள தார் லாரி திரும்பணும்."

வெளியே என்றால் மெயின் ரோட்டு ஓரம். போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படும். அவன் அவளைப் பார்த்தான். அவள் மண் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாகிட்ட யாரு சொல்றது?"

இதற்கு அவளிடம் விடை இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"நீங்களே சொல்லிடுங்களேன்."

அவன் போனை எடுத்துக் கொஞ்ச தூரம் போய் நின்று பேசினான். "அம்மா, மண்ணு மாறிடுச்சாம்… ஆமா… இல்லம்மா, அவ ஒண்ணும் அப்படிச் சொல்லலை…" பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

"என்ன சொன்னாங்க?"

"'சரி'ன்னாங்க. வெச்சுட்டாங்க."

கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருவருக்குமே தோன்றியது.

ரோலரைச் சாலையோரம் இறக்கி நிறுத்திவிட்டு, சின்னவன் வெறும் டிரெய்லரோடு பக்கத்து ஊருக்குக் கிளம்பினான்.

* * *

தார் வேலை பதினோரு மணிவாக்கில் தொடங்கியது. லாரி கொட்ட, பேவர் மெஷின் கறுப்பு விரிப்பாகப் பரப்பிக்கொண்டே நகர்ந்தது. பின்னாலேயே கம்பெனியின் பழைய ரோலர். தார்க்கலவை சூடாக இருக்கும்போதே அழுத்த வேண்டும். ஆறிவிட்டால் யானையே வந்து மிதித்தாலும் அது இறுகாது.

மருமகள் வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தாள். ஒரு கண் விரிப்பில். ஒரு கண் தெற்கு வானத்தில்.

பட்டென்று ஒரு சத்தம்.

பழைய ரோலரின் அடியில் எண்ணெய் போகும் குழாய் வெடித்திருந்தது. ஆபரேட்டர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கீழே குதித்தார். சூடான எண்ணெய் அவர் கையில் தெறித்திருந்தது. மிச்சம் புதுத் தாரின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

அவளே தண்ணீர்க் குழாயைத் திறந்து ஆபரேட்டர் கையை அதன் கீழ் பிடித்தாள். ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். ஜீப் கேட்டைத் தாண்டியதும்தான் திரும்பிப் பார்த்தாள். பாதிச் சாலைக்குத் தார் அழுத்தாமல் கிடந்தது. அதிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம், வெளியில ஒரு ரோலர் நிக்குதே…"

"பார்த்தேன்."

"சாவி?"

சாவி சின்னவன் பாக்கெட்டில். அவன் போனுக்கு லைன் போகவே இல்லை. வழியில் சிக்னல் இல்லாத மேடு ஒன்று உண்டு. இன்னொரு சாவி யார்டில், ரோலரம்மாவின் இடுப்புக் கொத்தில்.

காலையில் தான் பேச வேண்டிய பேச்சைக் கணவன் தலையில் கட்டியவள், இப்போது தானே அந்த எண்ணை அழுத்தினாள்.

"சொல்லு."

"அத்தை, இங்க கம்பெனி ரோலர் படுத்துடுச்சு. தார் பரப்பியாச்சு. உங்க மெஷின் வேணும்."

யார்டில் யாரோ இரும்பைத் தட்டும் ஒலி மட்டும் கேட்டது.

"என் மெஷின் சரிப்படாதுன்னு சொன்னதா ஞாபகம்."

"அந்த மண்ணுக்குச் சரிப்படாது அத்தை. தாருக்கு இதைவிட நல்ல மெஷின் இந்தச் சுத்துவட்டாரத்துல இல்ல. ரெண்டுமே நிஜம்."

மறுபடி இரும்புத் தட்டல்.

"ஓட்ட ஆளு?"

"இல்ல."

"பேவரை நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேன்."

"லாரியில இருக்கிறதைக் கொட்ட விடாத. தார்ப்பாயை இழுத்து மூடச் சொல்லு."

போன் வைக்கப்பட்டது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"என்ன மேடம்?" என்றார் சூப்பர்வைசர்.

"ரோலர் டேங்க்ல தண்ணி இருக்கான்னு பாருங்க. டிரம் நனையலைன்னா தார் ஒட்டிக்கிட்டு வந்துடும்."

புது மெஷின். டேங்க் காலி. ஆட்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றி ஊற்றினார்கள். மருமகள் விரிப்பின் ஓரத்தில் வெப்பமானியைச் செருகினாள். முள் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் எல்லைக்குள்தான். ஆனால் அவள் ஒவ்வொரு தடவை செருகும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது.

கேட் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

வெள்ளைக் கார் ஒன்று புழுதியோடு வந்து நின்றது. ரோலரம்மா இறங்கினார். காலில் கயிறு இறுக்கிக் கட்டிய பூட்ஸ். தலையில் மஞ்சள் தொப்பி. மருமகளைப் பார்க்கவில்லை. நேராகப் போய் ரோலரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார். சீட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் தாளைப் பர்ரென்று கிழித்து எறிந்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

"அம்மாவா ஓட்டப் போறாங்க?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

ரோலரம்மா சீட்டில் உட்கார்ந்து வருஷக்கணக்காகிவிட்டது. கணவரும் அவரும் ஷிப்ட் மாற்றி ஓட்டிய காலத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. எந்த லீவர் எதற்கு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை மருமகள் ஒருத்திதான் பார்த்தாள்.

என்ஜின் உறுமியது.

* * *

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பேச நேரமும் இல்லை.

மருமகள் முன்னால் நடந்தாள். எங்கே சூடு குறைவோ அங்கே கையைக் காட்டினாள். ரோலர் அங்கே வந்தது. தாழ்ந்த ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, போன தடத்தில் கொஞ்சம் ஏறி, மெதுவாகப் போய், நிற்காமல் திரும்பியது. முதல் திருப்பத்தில் டிரம் ஒரு பக்கம் இழுத்து, ஓரத்தில் சின்ன மடிப்பு விழுந்தது. ரோலரம்மாவின் உதடு இறுகியது. அடுத்த நடையில் அந்த மடிப்பு காணாமல் போனது. அதன் பிறகு ஒரு மடிப்பும் விழவில்லை.

பாலம் நெருங்கியது. பாலத்தின் மேல் அதிரவிட்டு ஓட்டக் கூடாது. அதிர்வு கீழே இறங்கினால் பாலத்துக்கு ஆகாது. வெறும் எடையால் மட்டும்தான் அழுத்த வேண்டும். மருமகள் கையைத் தாழ்த்தி நிறுத்தச் சொல்லவும் அதிர்வு அடங்கவும் சரியாக இருந்தது. கையைப் பார்த்து நிறுத்தினாரா, தானே நிறுத்தினாரா என்று யாருக்கும் தெரியாது. இருவர் கண்ணும் ஒரு நொடி சந்தித்துவிட்டு விலகின.

எண்ணெய் கொட்டிய இடம் வந்தது.

"இதை வெட்டி எடுத்துடுங்க. லாரியில இருக்கிற புதுக் கலவையைப் போடலாம்," என்றாள் மருமகள்.

"சின்ன இடம்தானே மேடம். மேல ரெண்டு ஓட்டு ஓட்டினா தெரியாது," என்றார் சூப்பர்வைசர்.

"தெரியாதுதான். ஆனா எண்ணெய் பட்ட தார் பிடிக்காது, பேர்ந்துடும்."

"மழை வருதே…"

என்ஜின் சத்தத்துக்கு மேலே ஒரு குரல் வந்தது.

"இன்ஜினியரம்மா சொல்றாங்கல்ல. வெட்டுப்பா."

சூப்பர்வைசர் கடப்பாறையை எடுக்கச் சொன்னார். மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். வீட்டில் 'ஏம்மா', 'இந்தா' என்பதற்கு மேல் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டிராத குரல் அது.

கடைசி நடையும் முடிந்து என்ஜின் அடங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. சாலை கறுப்பாக, ஒரே சீராகக் கிடந்தது. மருமகள் மண்டியிட்டு ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். நல்ல வேலை.

தார்ப்பாய் நிழலில் ரோலரம்மா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மருமகள் எதிரே போய் நின்றாள்.

"அத்தை, காலையில…"

"மெஷினை வேண்டாம்னு வெளிய நிறுத்தினது தப்பில்ல." ரோலரம்மா பாட்டிலை மூடினார். "பாலத்து மேல ஓட்டும்போது அந்த மண்ணைக் கண்ணாலே பார்த்தேன். நானா இருந்தாலும் அதுல இறக்க விட்டிருக்க மாட்டேன்."

"அப்புறம் ஏன் அத்தை…"

"நீ ஏன் சொல்லலை?"

மருமகள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரி ரோட்டுல அந்த கான்ட்ராக்டர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை, களிமண்ணுன்னு. சொல்லியிருந்தா மெஷினை அனுப்பியே இருக்க மாட்டேன். மண்ணு விஷயம் மெஷின் வெச்சிருக்கிறவங்களுக்குத் தெரியணும். இன்னிக்கும் எனக்கு எப்படித் தெரிஞ்சுது? பயந்து பயந்து என் பையன் சொல்லித் தெரிஞ்சுது. நீ போன் பண்ணி 'அத்தை, இந்த மண்ணுக்கு இது ஆகாது'ன்னு சொல்லியிருந்தா நான் என்ன, உன்னைக் கடிச்சா தின்னிருப்பேன்?"

"திட்டுவீங்கன்னு நினைச்சேன்."

"திட்டியிருப்பேன்தான். திட்டிட்டு சரின்னிருப்பேன்."

மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன. ரோலரம்மா நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து இல்லாத ஒரு நெருக்கத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அது நெடுநேரம் நீடிக்கவில்லை.

டிரெய்லர் வரும் சத்தம் கேட்டது.

* * *

ஷீப்ஃபுட் ரோலர் வந்துவிட்டது. டிரம்மின் கட்டைகள் கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தன. சின்னவன் கதவைத் திறந்து இறங்கினான். அம்மா அங்கே இருப்பார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கால் தரையில் பட்டதும் அப்படியே நின்றுவிட்டான்.

"மீசைக்காரன் குடுத்துட்டானா?" என்றார் ரோலரம்மா. குரலில் கோபமில்லை, ஆச்சரியம்தான். "நம்ம பேரைக் கேட்டாலே கேட்டைச் சாத்துறவனாச்சே."

"குடுத்தாரும்மா."

"சும்மாவா குடுத்தான்?"

சின்னவன் மனைவியைப் பார்த்தான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் முகத்தில் தெரிந்தது களைப்பு மட்டுமில்லை.

"கேட்டதைக் குடுத்தேன்."

"என்ன கேட்டான்?"

"என்னை."

ரோலரம்மா எழுந்து நின்றார்.

"இந்த வேலை முடிஞ்சதும் அவர் யார்டுல சேர்ந்துடணும்னு சொன்னாரு. அவர் மெஷினை நான்தான் ஓட்டணும், இனிமே அவர்கிட்டதான் இருக்கணும்னாரு. அதுக்கு ஒத்துக்கிட்டா இன்னிக்கே ஏத்திக்கோன்னாரு. முடியாதுன்னு கிளம்பிட்டேன். கேட் வரைக்கும் வந்துட்டேன்மா. வானத்தைப் பார்த்தேன். இவ மண்ணு திறந்து கிடக்குதுன்னு நெனச்சேன். திரும்பிப் போய் வாக்கு குடுத்துட்டேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேங்க," என்றாள் மருமகள்.

"பண்ணியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

தெற்கிலிருந்து ஈரக் காற்று அடித்தது. தார்ப்பாய் படபடத்தது. சூப்பர்வைசர் கொஞ்சம் தள்ளி நின்று, இறக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோலரம்மா மகனைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தார்.

"இறக்குறதா, திருப்பி அனுப்புறதா? உன் சைட். நீதான் சொல்லணும்."

திருப்பி அனுப்பினால் வாக்கு உடையும், புருஷன் வீட்டோடு இருப்பான். இறக்கினால் மண் இறுகும், இந்த மேட்டில் நாளைக்குப் போகிற வண்டி எதுவும் கவிழாது. மருமகள் வாய்க்காலின் அந்தப் பக்கம் பார்த்தாள். களிமண் குவியல் குவியலாகக் கிடந்தது. சுவரை ஒட்டி ஆட்கள் இடி மெஷினைக் குதிக்கவிடும் ஓசை மட்டும் கேட்டது.

கணவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"இறக்குங்க."

சின்னவன் ஏறிப் போனான். இரும்புச் சரிவுப் பலகைகள் தரையில் விழுந்தன. ஷீப்ஃபுட் ரோலர் மெல்ல இறங்கி, புதுத் தாரில் ஏறாமல், வாய்க்காலின் குறுக்கே போட்டிருந்த தற்காலிக மண்பாதை வழியாக அந்தப் பக்கம் போனது. ஜேசிபி மண்ணைப் பரப்ப, கட்டைகள் முதல் அடுக்கை மிதித்து உள்ளே அமுங்கின.

ரோலரம்மா அது கொஞ்ச தூரம் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"சரியாத்தான் சொன்ன. நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்."

"அத்தை, எனக்குத் தெரியாது. சத்தியமா…"

"தெரியாதுன்னு தெரியுது. முகத்துல இருக்கு." கார் கதவைத் திறந்தவர் ஒரு கணம் நின்றார். "வேலை முடிஞ்சதும் நீ வீட்டுக்கு வா. உன்கிட்ட பேசணும்."

"அவரு?"

"என் எதிராளிகிட்ட வேலைக்குச் சேர்ந்தவன் எங்க தங்கணும்னு அவன் முதலாளியைக் கேட்கச் சொல்லு."

கார் கிளம்பிப் போனது. முதல் மழைத்துளி புதுத் தாரில் விழுந்து ஆவியாக எழுந்தது. மருமகள் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு, அடுத்த மண் லாரியை உள்ளே விடச் சொல்லிக் கையை உயர்த்தினாள்.